திரை இருண்டபோது

காளிகாட் படத்திற்குப் பெயர் பெற்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் இங்குக் கோயிலருகே பட்டுவா ஓவியர்கள் யாத்திரிகர்க்கென மலிவான தாளில் வரைந்து விற்ற படங்கள், இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அத்தகைய ஊரில் என் அறையில் மட்டும் ஓர் இரவு படமே இல்லாமற் போயிற்று!

முதுகலை ஆய்வேட்டை ஒப்படைக்க 13 நாள்களே இருந்தன. திரவ மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் என் கணக்குகளெல்லாம் ஒரு பழைய வரைகலை அட்டையின் தயவில் ஓடிக்கொண்டிருந்தன. கிராபிக்ஸ் கார்டு என்போமே, அதுதான். அன்று விசையை அழுத்தினேன். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரையோ கரும்பலகையாக நின்றது. மூன்று மாத உழைப்பு அதனுள் இருந்தது. வேறொரு படி எடுத்து வைத்திருந்தேனா? இல்லை. இவன் அறிவியல் மாணவன்!

அட்டையைக் கழற்றி ஓவனில் வைத்துச் சுட்டால் பிழைக்கும் என்றான் அறைத்தோழன். எங்கோ காணொலியில் கண்டானாம். வீட்டுக்கார மாஷிமாவிடம் கேக் சுடும் ஓவன் ஒன்று உண்டு. அதைக் கேட்கப் படியிறங்கியவனை எதிர்வந்த ஆய்வு மாணவர் ஒருவர் நிறுத்தினார்.

“தம்பி, பொறி செத்துவிட்டதென்று யார் சொன்னது? நம்லாக் விசையைத் தட்டிப் பார்த்தாயா?”

தட்டினேன். விசைப்பலகையின் சிறு விளக்கு அணைந்தது. மறுபடி தட்டினேன், எரிந்தது.

“உயிர் இருக்கிறது, அண்ணா!”

நண்பர்களே, திரை வேறு, பொறி வேறு. இதை மறந்ததே என் முதற் பிழை. பல செயலிகளுக்குள்ளேயே சிறியதொரு வரைகலைப் பகுதி உண்டு. திரையின் கம்பியை அட்டையிலிருந்து பிடுங்கி, மதர்போர்டு எனும் தாய்ப்பலகையின் துளையில் செருகச் சொன்னார் அண்ணா. செருகி, மீண்டும் இயக்கினேன். படம் வந்தது! உடனே செய்த வேலை, கணக்குகள் அனைத்தையும் இரண்டு பென் டிரைவில் படியெடுத்தது. செயலியில் அப்பகுதி இல்லாதவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும். பழைய பலகைகள் பலவற்றில், ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலியும் கேட்டால் அது வரைகலை அட்டையைப் பற்றிய முறையீடு.

திரையும் கம்பியும் நலமென்று தெரிந்தபின் குற்றம் அட்டையின் பக்கம் சாய்ந்தது. மின்னிணைப்பைத் துண்டித்தோம். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கினோம். அட்டைக்குச் செருகுவாயிலிருந்து கிடைப்பது 75 வாட் மட்டுமே. மிகுதியை வேண்டும் அட்டைக்குத் தனிக் கம்பி உண்டு. அது சரியாகவே இருந்தது. அட்டையின் பொன்பூச்சுப் பற்களிலோ கங்கைக்கரை ஈரமும் தூசியும் சேர்ந்து மங்கலாய்ப் படிந்திருந்தன. மெல்லிய ரப்பரால் இலேசாகத் துடைத்தோம். அழுத்தித் தேய்த்தால் பொன்னும் போய்விடும்! ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தொட்டுத் துடைத்து, தாழ் ‘டக்’கென விழும்வரை செருகினோம். அட்டை வழியே படம் வந்தது.

இரண்டு நாள் வாழ்ந்தது. மூன்றாம் நாள் வண்ணக் கட்டங்கள் தோன்றின, பிறகு இருள். மெட்ரோ ஏறி ஏழாவது நிலையமான சாந்தினி சௌக்கில் இறங்கினேன். கடைக்காரர் தம் பொறியில் செருகிப் பார்த்தார். அங்கும் அதே கட்டங்கள். “சிப் போய்விட்டது. சரிசெய்யும் கூலிக்கு வேறு பழைய அட்டையே வாங்கலாம்” என்றார்.

இப்போது சுட்டுப் பார்க்கலாமே என்று எனக்கே மறுபடி ஆசை. அண்ணா தாளை எடுத்து வரைந்து காட்டினார். சிலிக்கன் சில்லு நுண்ணிய பற்றாசுப் புள்ளிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. சூடேறினால் சில்லு விரிவது சிறிது. கீழுள்ள பலகை விரிவதோ ஏறத்தாழ ஐந்தாறு மடங்கு. நாள்தோறும் சூடும் குளிரும் மாறிமாறி இழுக்க, புள்ளிகள் வெடிக்கின்றன. 2008 சூலையில் என்விடியா நிறுவனமே மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் இத்தகைய குறைக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. இனி ஓவனைப் பாருங்கள். 2006-இல் ஐரோப்பியக் கட்டுப்பாடு வந்தபின் பரவிய ஈயமற்ற பற்றாசு உருகுவது ஏறத்தாழ 217 பாகையில். வீட்டு ஓவனிலோ 200 பாகையில்தான் சுடுகிறார்கள். பற்றாசு உருகாது; விரிசல் சற்றே நெருங்கித் தொட்டுக்கொள்ளும். சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில், மீண்டும் பிரியும். பிளாஸ்டிக் ஆவியோ அடுத்த கேக்கில் மணக்கும்.

எஞ்சிய கணக்குகளைத் துறைக் கணிப்பொறியில் இரவு இரவாக ஓட்டி, கடைசி நாள் மாலை ஏட்டைக் கொடுத்தேன். அன்று படியிறங்கி வந்து என்ன கேட்க நினைத்தாய் என்று மாஷிமா இன்றும் வினவுகிறார். கேக் செய்யும் முறை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.