குதிரை போச்சு... சைக்கிள் சீட் வந்தாச்சு!

பரீட்சை முடிந்துவிட்டது. மாதக்கணக்கில் மூலையில் சாத்தி வைத்திருந்த சைக்கிளைத் தூசி தட்டி வெளியே எடுக்கிறீர்கள். தெருவை நாலு சுற்று சுற்றியதுமே உட்காரும் இடத்தில் 'விண் விண்' என்று வலி! 'நமக்கு வேண்டாம்டா சாமி' என்று மறுபடியும் சாத்தி வைக்கப் போகிறீர்களா? பொறுங்கள் குட்டீஸ்! இதே வலிதான் ஒருவரைப் புகழ்பெற வைத்தது.

அவர் ஜான் போல்ட்பீ புரூக்ஸ். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1866ம் ஆண்டு தோல் பொருள் தொழிலைத் தொடங்கியவர். குதிரைகளுக்கான தோல் வார்கள் செய்வார். வேலைக்குப் போவதும் குதிரையில்தான். 1878ல் அந்தக் குதிரை இறந்து போனது. இன்னொன்று வாங்க வசதி இல்லை. ஒரு சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டினார். சீட்டில் உட்காரவே முடியவில்லையாம்! தோல் வேலை தெரிந்தவர் அல்லவா? 'நல்ல சீட் ஒன்றை நானே செய்கிறேன்' என்று இறங்கி, 1882ல் அதன் காப்புரிமைக்கும் விண்ணப்பித்துவிட்டார். இந்தக் கதையைச் சொல்வது அவர் தொடங்கிய நிறுவனமேதான். இரும்புச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய அதன் சீட்டுகள் இன்றும் விற்பனையாகின்றன.

வலி ஏன் வருகிறது?

மர நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கைகளை அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் எலும்பு முனைகள் தட்டுப்படும். சைக்கிளில் நம் எடையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியவை இவைதான். சீட் ரொம்பக் குறுகலாக இருந்தால், எடை எலும்பில் இறங்காமல் நடுவில் உள்ள மென்மையான சதையை அழுத்தும். மெத்தை போன்ற சீட் நல்லதா? அதிலும் ஒரு சிக்கல்! எலும்பு உள்ளே புதைந்து, பஞ்சு மேலெழுந்து அதே சதையை அழுத்தும். கொஞ்சம் கெட்டியான, சரியான அகலமுள்ள சீட்டே நீண்ட தூரத்துக்கு ஏற்றது.

உங்கள் அளவு என்ன?

ஓர் அட்டைப்பெட்டித் துண்டைக் கெட்டியான பலகை மேல் போட்டு, சற்று முன்னால் குனிந்தபடி ஒரு நிமிடம் உட்காருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடுவில் இருந்து நடுவுக்கு ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். சீட்டின் பின்பகுதி அதைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும்.

சீட்டை மாற்றும் முன்...

புது சீட் வாங்கச் சொல்லி அப்பாவை நச்சரிக்காதீர்கள். பல நேரங்களில் ஒரு ஸ்பேனரே போதும்! வீட்டுப் பெரியவரையோ, சைக்கிள் கடை அண்ணனையோ உதவிக்குக் கூப்பிடுங்கள்.

* உயரம்: சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடியில் கொண்டு வந்து குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் முட்டி வலிக்கும். ரொம்ப உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடி உரசும். புதிதாகக் கற்பவர்கள் மட்டும் இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

* மட்டம்: சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் குத்தும். கீழே சரிந்திருந்தால் முன்னால் வழுக்கி, கை வலிக்கும்.

* எச்சரிக்கைக் கோடு: சீட்டைத் தாங்கும் கம்பியில் ஒரு கோடு இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தவே கூடாது. கம்பி வளைந்து, கீழே விழ நேரிடும்.

எல்லாம் சரிசெய்தும் முதல் சில நாட்கள் லேசாக வலிக்கலாம். உடம்புக்குப் பழக்கம் விட்டுப் போச்சே! அதனால் முதல் நாளே ஊரைச் சுற்றாமல், பத்து நிமிடத்தில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுங்கள். மரத்துப் போனாலோ, புண்ணானாலோ மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். கிளம்பும் முன் டயரில் காற்று, இரண்டு பிரேக்குகள், செயினில் எண்ணெய் மூன்றையும் பாருங்கள்.

உங்கள் தாத்தா, அப்பா காலத்தில் பெரியவர்களின் சைக்கிளில் சீட் எட்டாது. கம்பிக்கு நடுவே காலை விட்டு 'குரங்குப் பெடல்' போட்டார்கள். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் ஒன்று, சைக்கிள் வளராது, நீங்கள் வளர்ந்துகொண்டே இருப்பீர்கள்! போன வருடம் வைத்த உயரம் இந்த வருடம் பொருந்துமா? இன்றைக்கே சுவரோரம் நிறுத்திப் பார்த்துவிடுங்களேன்!