உப்பு மட்டும் கடைசியில்

சாலட் என்றால் மயோனைஸும் ஆலிவ் எண்ணெயும்தான் என்று யார் சொன்னது? இந்தியச் சமையலறைகளுக்கு அது பழைய சங்கதி.

வடஇந்திய ஹோட்டல்களில் 'கிரீன் சாலட்' கேட்டால் என்ன வரும் என்பது தெரிந்ததே. தட்டைச் சுற்றி வெள்ளரி வட்டங்கள், நடுவே வெங்காய வளையங்கள், ஓரத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு. பாதி தொடப்படாமலே திரும்பிப் போகும். மாநகரக் கஃபேக்களின் சாலட் வேறு ரகம். கிண்ணம் நிறைய இலைகள், அவற்றின் மேல் தாராளமாக மயோனைஸ். ஒரு மேஜைக்கரண்டி மயோனைஸில் சுமார் 90 கலோரி. மூன்று கரண்டி விழுந்துவிட்டால் 'லைட்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

லேசான சாலட்டுக்கு இவ்வளவு அலைய வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் கோஷிம்பீர், கர்நாடகத்தில் கோசம்பரி, குஜராத்திலும் வடக்கிலும் கச்சும்பர். தமிழ் வீடுகளின் கோசுமல்லியும் இதே குடும்பம்தான். ராமநவமியன்று கர்நாடகத்தில் பானகத்தோடு கோசம்பரியும் தருவார்கள். கோடைக்கு இதைவிடப் பொருத்தமான பிரசாதம் கிடையாது. மராத்தியப் பந்தியில் கோஷிம்பீருக்கு இலையின் இடப்பக்கம் இடம் உண்டு, உப்பு, எலுமிச்சை, சட்னி வரிசையில்.

குறை அங்கேதான். வைப்பது ஒரே ஒரு கரண்டி. ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி சாப்பிடச் சொல்கிறது. சாம்பாரில் மிதக்கும் நாலு முருங்கைக்காய்த் துண்டுகளை நம்பி அந்தக் கணக்கை எட்ட முடியாது. தொட்டுக்கொள்ளும் பண்டமாக இருப்பதைக் கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டால் எட்டலாம்.

கோசம்பரி செய்வது எளிது. நாலு பேருக்குக் கால் கப் பாசிப்பருப்பைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடிக்க வேண்டும். இரண்டு வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி (நுனியைக் கடித்துப் பார்த்துவிடுவது உத்தமம், ஒரு கசப்புக் காய் மொத்தத்தையும் கெடுத்துவிடும்), ஒரு கேரட்டைத் துருவி, கொஞ்சம் தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், கொத்துமல்லி சேர்க்கலாம். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. டயட் என்ற பெயரில் அந்த ஒரு ஸ்பூன் எண்ணெயையும் விலக்குவது அசட்டுத்தனம். கேரட்டின் பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு தேவை. எலுமிச்சைச் சாற்றிலுள்ள வைட்டமின் சி, பருப்பின் இரும்புச் சத்தை உடம்பு ஏற்க உதவுகிறது.

உப்பு மட்டும் சாப்பிட உட்காரும்போது. வெள்ளரியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். முன்கூட்டி உப்பிட்டால் அத்தனையும் இறங்கி, சாலட் குளமாகிவிடும். மராத்தியர்கள் இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். வறுத்த வேர்க்கடலைப் பொடியைத் தூவுவார்கள். அது நீரை உறிஞ்சும், ருசியும் கூடும்.

பச்சையாகச் சாப்பிடப் பலர் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. அசுத்தமான மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் காய்கறியில் ஒட்டும் நாடாப்புழு முட்டைகள் வயிற்றுக்குள் போனால், புழுவின் இளம்பருவம் மூளைவரை சென்று வலிப்பை உண்டாக்கலாம். உப்புத் தண்ணீரோ வினிகரோ இதற்கு உத்தரவாதமல்ல. முட்டைக்கோஸின் வெளி இதழ்களை எறிந்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். சந்தேகமிருந்தால் வேகவைத்துவிடுவதே மேல். எந்தக் காயானாலும் நறுக்குவதற்கு முன்பே கழுவியாக வேண்டும். இல்லாவிட்டால் தோலின் அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

ஆரோக்கியத்தின் சின்னமாகக் கருதப்படும் முளைப்பயறு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். முளைக்க வைக்கும் அதே வெதுவெதுப்பும் ஈரமும் பாக்டீரியாக்களையும் வளர்க்கும். கர்ப்பிணிகள், முதியவர்கள், குழந்தைகளுக்கு நன்கு வேகவைத்தே தர வேண்டும்.

ஆபீசுக்கு எடுத்துச் செல்பவர்கள் காயை ஒரு டப்பாவிலும், உப்பையும் எலுமிச்சையையும் தனியாகவும் கொண்டுபோய் மதியம் கலந்துகொள்ளலாம். வெயில் காலத்தில் டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்க வசதியில்லாவிட்டால் தேங்காயை விட்டுவிடுவது நல்லது. அதுதான் முதலில் ஊசிப்போகும்.