நிற்காமல் போகும் வண்டிகள்

ரயில் பார்ப்பதற்கென்றே ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் தமிழ்நாட்டில் எப்போதும் உண்டு. அவர்கள் சென்ட்ரலுக்கோ மதுரைக்கோ போவதில்லை. கூட்டமும் கூச்சலும் இல்லாத இடமாகத் தேடுவார்கள். சிறுமலை அடிவாரத்து அம்பாத்துரை, காற்றாலைகள் சுழலும் ஆரல்வாய்மொழி, கொளவாய் ஏரிப் பக்கத்துப் பரனூர், நாலா பக்கமும் வெட்டவெளியான வாஞ்சி மணியாச்சி. ஒரு வேப்பமரம், அதன் கீழ் சிமென்ட் பெஞ்சு, பத்து ரூபாய்க்கு இரண்டு மணி நேரம் செல்லும் பிளாட்பாரம் டிக்கெட். இதைவிட மலிவான பொழுதுபோக்கு இன்று கிடைக்காது. அதைக் கெடுப்பது என் நோக்கமும் இல்லை. ஆனால் ஃபோன் கேமராவோடு அங்கே போகிற கூட்டம் பெருகிவிட்டது. வண்டிகளும் மாறிவிட்டன. பழைய பழக்கத்தில் பிளாட்பார ஓரத்தில் நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்குகள் சில இருக்கின்றன.

சின்ன ஸ்டேஷன் அமைதியாக இருப்பதற்குக் காரணம், பெரும்பாலான வண்டிகள் அங்கே நிற்பதில்லை. ஆபத்துக்கும் அதுதான் காரணம். பெரிய ஜங்ஷனுக்குள் எந்த வண்டியும் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் நுழையும். நிற்காத ஸ்டேஷனில் அந்தக் கட்டாயம் இல்லை. சென்னையிலிருந்து விழுப்புரம், திருச்சி வழியாகத் தெற்கே போகும் தடத்தின் பெரும்பகுதியில் 110 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. சென்னை–கூடூர் தடத்தில் 2022 முதல் 130. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொன்னால் இது உறைக்காது. 110 என்றால் நொடிக்கு முப்பது மீட்டர், 130 என்றால் முப்பத்தாறு. இருபத்திரண்டு பெட்டி கொண்ட ஒரு எக்ஸ்பிரஸ் உங்களைத் தாண்டிப் போய்முடிய எடுப்பது பதினெட்டு நொடி. முந்நூறு மீட்டர் தள்ளி வளைவில் அதன் முகம் தெரிகிறது என்றால், உங்கள் கையில் இருப்பது பத்து நொடிதான். அதற்குள் டிரைவர் ஏதாவது செய்வார் என்று நினைப்பதில் அர்த்தமில்லை. அவசர பிரேக் போட்டாலும் அந்த வேகத்தில் வண்டி நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகும்.

இனி இடைவெளிக் கணக்கு. அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1,676 மில்லிமீட்டர். அதன் மேல் ஓடும் எல்.எச்.பி. என்ற நவீன வகைப் பெட்டியின் அகலம் 3,240. அதாவது தண்டவாளத்துக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் 78 சென்டிமீட்டர் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. பிளாட்பாரத்தின் விளிம்பு தடத்தின் மையத்திலிருந்து 1,670 முதல் 1,680 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது ரயில்வேயின் அளவு விதி. கழித்துப் பாருங்கள். பெட்டிக்கும் விளிம்புக்கும் நடுவே ஐந்தாறு சென்டிமீட்டர்தான் மிஞ்சும். நான்கு விரலை ஒன்றாக வைத்தால் அந்த இடம் நிறைந்துவிடும். கதவோரக் கைப்பிடி, ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் முழங்கை, படியில் உட்கார்ந்திருப்பவரின் கால் எல்லாம் அதற்கு மேல். விளிம்பில் நின்று தலையை மட்டும் நீட்டி வண்டி வருகிறதா என்று பார்ப்பது நம் ஊரில் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். அந்தத் தலை இருப்பது வண்டி போக வேண்டிய இடத்தில்.

தண்டவாளத்தைப் பார்த்து வண்டியின் அகலத்தைக் கணிப்பது இங்கே மட்டும் நடக்கும் தவறு இல்லை. 2024 ஜூனில் கனடாவின் ‘எம்ப்ரஸ்’ என்ற பழைய நீராவி எஞ்சின் வட அமெரிக்காவைச் சுற்றிக் காட்டப்பட்டது. மெக்சிகோவின் இடால்கோ மாநிலத்தில் அதைப் பார்க்கத் தடத்தின் இருபுறமும் ஜனங்கள் கூடியிருந்தார்கள். ஒரு பெண் தடத்தருகே மண்டியிட்டு, எஞ்சின் பின்னால் தெரியும்படி செல்ஃபி எடுத்தார். எஞ்சினின் பக்கவாட்டுப் பாகம் தலையில் மோதி அங்கேயே உயிர் போயிற்று. அவர் தண்டவாளத்தின் மேல் இல்லை, அதற்கு வெளியேதான் இருந்தார். எஞ்சின் அதைவிட அகலம், அவ்வளவுதான்.

சத்தம் கேட்டால் விலகிவிடலாம் என்று நம்புகிறவர்கள் நாற்பது வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். அவர்கள் காதில் இருப்பது பழைய டீசல் எஞ்சினின் உறுமல். அது அடுத்த ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போதே காற்றில் வந்து சேரும். தண்டவாள இணைப்புகளில் எழும் தடக் தடக் வேறு. இப்போது முக்கியத் தடங்கள் எல்லாம் மின்மயம். தண்டவாளங்களும் நீளநீளமாகப் பற்றவைக்கப்பட்டுவிட்டதால் அந்தத் தாளமும் போய்விட்டது. 2022 நவம்பரில் சென்னை–மைசூரு வழியில் வந்தே பாரத் வந்தபோது, தனி எஞ்சினே இல்லாத, பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார் பொருத்திய விரைவு வண்டி தெற்கே அறிமுகமாயிற்று. நேர் எதிரே நிற்பவருக்கு இந்த வண்டிகளின் சத்தம் வெகு தாமதமாகத்தான் உறைக்கும். காற்று எதிர்த்திசையில் அடித்தால் இன்னும் தாமதம்.

இரட்டைப் பாதையில் இன்னொரு சிக்கல். ஒரு கூட்ஸ் வண்டி கடந்துகொண்டிருக்கும்போது அடுத்த தடத்தில் எதிர்த்திசையில் எக்ஸ்பிரஸ் வந்தால் அது கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் எட்டாது. கூட்ஸின் கடைசிப் பெட்டி போனதும் தடத்தைக் கடக்க இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஒரு சத்தம் இன்னொன்றை எவ்வளவு முழுமையாக விழுங்கும் என்பதற்கு அமிர்தசரஸைவிடப் பெரிய சான்று தேவையில்லை. 2018 அக்டோபர் 19, தசரா இரவு. தண்டவாளத்தில் நின்று ராவணன் பொம்மை எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் ஜலந்தரிலிருந்து வந்த வண்டி புகுந்தது. சுமார் அறுபது பேர் இறந்தார்கள். பட்டாசுச் சத்தத்தில் வண்டி வந்தது தெரியவே இல்லை.

காது போகட்டும், கண் இருக்கிறதே என்றால், அதுவும் ஏமாற்றும். பெரிய பொருள் நகரும்போது அதன் உண்மையான வேகத்தைவிட மெதுவாக நகர்வதாகவே நமக்குத் தோன்றும். லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-இல் லெவல் கிராசிங் விபத்துகளுக்கு இதை ஒரு காரணமாக எடுத்துக்காட்டினார். தரையிறங்கும் ஜம்போ விமானம் மிதப்பதுபோலத் தெரிவதும் இந்தக் கோளாறால்தான். நேர் எதிரே வரும் வண்டி பக்கவாட்டில் நகர்வதே இல்லை, வெறுமனே பெரிதாகிக்கொண்டு வருகிறது. முதல் சில நொடிகள் அது நிற்கிறதா வருகிறதா என்றே சொல்ல முடியாது. போதாக்குறைக்கு ஃபோன் கேமராவின் அகல லென்ஸ் எதையும் இன்னும் தூரத்தில் இருப்பதாகக் காட்டும். திரையைப் பார்த்துக்கொண்டு விலகும் நேரத்தைக் கணிப்பவர் இரண்டு முறை ஏமாறுகிறார்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேகமாகப் போகும் வண்டி தன் பக்கத்துக் காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஒழுங்கான வடிவமுள்ள பயணிகள் வண்டியைவிட, கன்டெய்னர் ஏற்றியும் ஏற்றாமலும் மேடு பள்ளமாகப் போகும் கூட்ஸ் வண்டி வேகம் குறைவாக இருந்தும் அதிகமாக இழுக்கும். 2016-இல் இங்கிலாந்தின் ட்வைஃபர்ட் ஸ்டேஷனில் கடந்துபோன சரக்கு ரயிலின் காற்று ஒரு சக்கர நாற்காலியையே வண்டிப் பக்கமாக நகர்த்திவிட்டது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ரயில் காட்ட வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரேக் போடாத தள்ளுவண்டிக்குப் பெரிய தள்ளு தேவையில்லை.

நம் நாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. காலித் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பொட்டலம், வெற்றிலை எச்சில் என்று ஜன்னலிலிருந்து வருபவை. எறிபவர் சும்மா கையை விட்டுவிடுவார், ஆனால் 110-இல் போகும் வண்டியிலிருந்து விழும் பாட்டில் அதே 110-இல்தான் வந்து தாக்கும்.

எங்கே உட்கார்வது என்பதற்குச் சின்ன ஸ்டேஷனே குறிப்பு கொடுக்கும். பிளாட்பாரத்தை ஒட்டிய தடம் ஸ்டேஷனின் இரு முனையிலும் வளைந்து விலகிப் போய் இன்னொன்றோடு சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் அது லூப் லைன். அதற்குள் வண்டி பொதுவாக முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் நுழைய முடியும். நேரே நீண்டு போனால் மெயின் லைன். நிற்காத வண்டி முழு வேகத்தில் பிளாட்பாரத்தை உரசிக்கொண்டு போகப்போவது அதில்தான். லூப்பை ஒட்டிய பெஞ்சு கிடைத்தால் காட்சியும் கிடைக்கும், நடுவே ஒரு தடமும் இருக்கும். இருந்தாலும் வழக்கமான வண்டி வழக்கமான தடத்தில்தான் வரும் என்று எழுதி வைத்துக்கொள்ள முடியாது. 2018 ஜூலை 24 அன்று மேல்நிலை மின்கம்பிக் கோளாறால் சென்னையில் ஒரு புறநகர் வண்டியை எக்ஸ்பிரஸ் தடத்தில் விட்டார்கள். பரங்கிமலையில் அந்தத் தடத்தை ஒட்டி கான்கிரீட் சுவர் இருந்தது. படியில் தொங்கி வந்தவர்கள் அதில் மோதி உயிரிழந்தார்கள். தினமும் போகிற வண்டி, தெரிந்த ஸ்டேஷன், தடம் மட்டும் வேறு.

ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கும் இடத்தில் இன்னொரு அடையாளம் கிடைக்கும். அதுவரை அறைக்குள் ஃபோனும் பதிவேடுமாக இருந்தவரோ அவருடைய பாயின்ட்ஸ்மேனோ சுருட்டிய பச்சைக் கொடியோடு வெளியே வந்து நின்றால், நிற்காத வண்டி ஒன்று நெருங்கிவிட்டது. கொடியை விரித்து முதலில் எஞ்சினுக்கும் கடைசியில் கார்டுக்கும் காட்டுவார். (கார்டை 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்கிறார்கள், ஸ்டேஷனில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.) நடுவில் அவர் கண் சக்கரங்களில் இருக்கும். அச்சு சூடேறிப் புகைகிறதா, எதுவும் தொங்குகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் எங்கே நிற்கிறாரோ அதற்கு முன்னால் நீங்கள் நிற்கக் கூடாது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் இன்னும் இரண்டு எட்டு தள்ளி நிற்பது என்னைப் பொறுத்தவரை குறைந்தபட்சம்.

ஹால்ட்டில் இந்த வசதியும் கிடையாது. ஹால்ட் என்று பெயர்ப் பலகையில் போட்டிருக்கும் இடங்களில் பெரும்பாலும் ஸ்டேஷன் மாஸ்டரே இல்லை. கமிஷனுக்கு டிக்கெட் கொடுக்கும் ஏஜென்ட் வண்டி நேரத்துக்கு வந்து போவார். எந்த வண்டி எப்போது கடக்கும் என்ற தகவல் அங்கே யாருக்கும் வராது. சிக்னல்கள் டிரைவருக்குச் சொல்லும், பெஞ்சில் இருப்பவருக்குச் சொல்லாது. மிக அழகான, மிக அமைதியான இடங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

மேலே ஓடும் கம்பியை யாரும் பார்ப்பதே இல்லை. அதில் 25,000 வோல்ட். தண்டவாளத்திலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரம். லூப்பில் நிற்கும் மூடிய கூட்ஸ் பெட்டியின் கூரை சுமார் நான்கு மீட்டர். நல்ல படம் கிடைக்கும் என்று அதன் மேல் ஏறி நிற்கும் பையனின் தலை கம்பி இருக்கும் உயரத்துக்கே போய்விடும். தொடக்கூட வேண்டாம், அந்த அழுத்தத்தில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாயும். மின்சாரத்தை நிறுத்தாமல் கம்பிக்கு இரண்டு மீட்டருக்குள் போகக் கூடாது என்பது ரயில்வே ஊழியர்களுக்கே உள்ள விதி. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் இப்படிக் கருகிய செய்தி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. வண்டி பல நாளாக அசையாமல் நிற்கிறது என்பதால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று ஆகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அனுமதியின்றி ரயில்வே இடத்துக்குள் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிளாட்பாரம் டிக்கெட் பிளாட்பாரத்துக்கு மட்டும்தான், தண்டவாளத்துக்கு அல்ல. ஆயிரம் ரூபாய்க்குப் பயந்து யாரும் இறங்காமல் இருப்பதாகத் தெரியவில்லை.

கடைசியாக, அடிக்கடி நடக்கும் விஷயம். ஃபோன் கை நழுவித் தண்டவாளத்தில் விழுகிறது. பிளாட்பாரம் தண்டவாளத்துக்கு மேல் 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம். குதிப்பது சுலபம், கையூன்றி ஏறுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் முப்பது மீட்டர் முப்பது மீட்டராக வண்டி வந்துகொண்டிருக்கலாம். ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். அடுத்த வண்டி எங்கே வருகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர், எடுத்துத் தர ஆள் அனுப்பலாமா என்பதையும் அவரே முடிவு செய்வார். ஆளில்லாத ஹால்ட் என்றால் ரயில்வே உதவி எண்ணான 139-க்குக் கூப்பிடலாம், யாரிடமாவது ஃபோன் வாங்கி.