பேத்திக்கு வண்டி வாங்கினோம். கடை வாசலைத் திருத்தினோம்



பருப்பு விலை, ஜி.எஸ்.டி. படிவம், குடோன் வாடகை என்று எழுத வேண்டிய பக்கத்தில் குழந்தையைத் தள்ளும் வண்டியைப் பற்றி எழுதுகிறோமே என்று நினைக்க வேண்டாம். கடைசி வரை படித்தால் இதுவும் நம் கடை விஷயம்தான் என்பது விளங்கும்.

எங்கள் வீட்டில் 2024 ஜூன் மாதம் பேத்தி பிறந்தாள். தலைப்பிரசவம் என்பதால் மருமகள் தாய் வீட்டில் இருந்தாள். மூன்று மாதம் முடிந்து குழந்தையோடு சென்னைக்கு வந்தபோதும் அவளுக்கு இடுப்பு வலி விட்டபாடில்லை. குழந்தைக்கு 14-ஆவது வாரத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. சுகாதார நிலையம் நடக்கிற தூரம்தான். ஆனால் தூக்கிக்கொண்டு நடக்க அவளால் ஆகவில்லை. "தள்ளிக்கிட்டுப் போற மாதிரி ஒரு வண்டி வாங்கலாமா மாமா?" என்று கேட்டாள்.

எங்களுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் தூளியிலும் இடுப்பிலும்தானே வளர்ந்தன, நடை பழக ஒரு நடைவண்டி வாங்கினால் போதாதா என்றோம். சமையலறையிலிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் வந்தது: "ஏங்க, மண்டியில மூட்டை தள்ள டிராலி வாங்கினீங்களே, அது எதுக்கு? மூட்டைக்கு ஒரு நியாயம், பொம்பளை இடுப்புக்கு ஒரு நியாயமா?" அதற்கு மேல் பேச வழியில்லை.

முதல் கொள்முதலில் ஏமாந்தோம்

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய கடைக்குப் போனோம். விற்பனையாளர் நல்ல பையன். பளபளவென்று கல் பதித்த தரையில் வண்டியை ஒரே விரலால் தள்ளிக் காட்டினார். தலைக்கு மேல் விதானம், பாட்டில் வைக்க ஒரு வளையம், முன்னால் பொம்மை தொங்க ஒரு கம்பி. பார்க்க லட்சணமாக இருந்தது. வாங்கிவிட்டோம்.

நாற்பது வருடமாகப் பருப்பு வியாபாரம் செய்கிறோம். மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் சரக்கு எடுக்கும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அன்று மட்டும் மேல் மாதிரியைப் பார்த்துக் கொள்முதல் செய்தோம். அதற்கான பலன் மறுநாளே கிடைத்தது.

எங்கள் வீடு முதல் மாடி, லிப்ட் கிடையாது. வண்டியை மண்டித் தராசில் வைத்துப் பார்த்தால் 11 கிலோ. இடுப்பு வலிக்காக வாங்கிய வண்டியை இடுப்பில் வைத்து மாடி ஏற்ற வேண்டியதாயிற்று. சக்கரம் சிறிய பிளாஸ்டிக் சக்கரம்; நடைபாதைக் கற்களின் இடுக்கில் இறங்கி நின்றுகொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது உட்கார வைக்கும் வண்டி. மூன்று மாதக் குழந்தை அதில் பக்கவாட்டில் சரிந்தது. திருப்பிக் கொடுக்கலாம் என்று பில்லை எடுத்தோம். 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று கீழே அச்சிட்டிருந்தது. எங்கள் மண்டி பில்லிலும் அதே வரிதான் இருக்கிறது. யாரைக் குறை சொல்ல? ஒரு வயதுக் குழந்தை உள்ள உறவினர் வீட்டுக்கு அதை அனுப்பிவிட்டோம்.

குத்தூசி போட்டுப் பார்த்தோம்

இரண்டாவது முறை போகும்போது 5 கிலோ துவரம் பருப்புப் பை ஒன்றைக் கையோடு கொண்டு போனோம். பேத்தியின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். பையை வண்டியில் வைத்து, கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, வெளியே நடைபாதையில் தள்ளிப் பார்த்துத்தான் வாங்கினோம். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் உள்ள அன்பர்களுக்காக நாங்கள் பார்த்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

1. வயது: ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குக் கழுத்தும் முதுகும் நிற்காது. முதுகுப் பலகை படுக்கை போல முழுவதும் சாயும் வண்டிதான் அதற்கு ஏற்றது. உட்கார வைக்கும் வண்டி, குழந்தை தானாக உட்காரத் தொடங்கிய பிறகுதான்.

2. எடை: அட்டையில் போட்ட எடையை நம்பாமல் தூக்கிப் பார்க்க வேண்டும். மாடி வீடென்றால் 7 கிலோவுக்கு மேல் வேண்டாம். தூக்கிப் பார்க்க வேண்டியவர் தாய், தாத்தா அல்ல.

3. சக்கரம்: நம் ஊர்த் தெருவுக்குச் சக்கரம் பெரிதாக இருப்பது நல்லது. 6 அங்குலத்துக்குக் குறைந்தால் கல் இடுக்கிலும் சாக்கடை மூடியின் கம்பி இடைவெளியிலும் சிக்கும்.

4. அகலம்: வீட்டுக் கதவையும் லிப்ட் கதவையும் டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும். மடக்கிய வண்டி ஆட்டோவில் கால் வைக்கும் இடத்தில் அடங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

5. பெல்ட்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டில் குழந்தை கீழே நழுவும்.

6. பிரேக்: பருப்புப் பையோடு சரிவில் நிறுத்தி, பிரேக் போட்டுக் கையை எடுத்துப் பார்க்க வேண்டும்.

7. மடக்கும் இடம்: தானாக மடங்காமல் இருக்க இரண்டாவது பூட்டு வேண்டும். கீல்களில் விரல் நுழையும் இடுக்கு இருக்கக் கூடாது. 2009-இல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குப் பாதுகாப்பு உறை கொடுக்க நேர்ந்தது, கீலில் குழந்தைகளின் விரல் நுனி சிக்கியதால்தான்.

8. உதிரி பாகம்: ஒரு சக்கரம் உடைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். கிடைக்காது என்றால் அந்த வண்டியின் ஆயுள் அந்தச் சக்கரத்தின் ஆயுள்தான்.

இன்னொன்று. வெயிலுக்குப் பயந்து வண்டியின் மேல் துணி போட்டு மூடுகிறார்கள். உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும். சென்னை வெயிலில் இது ஆபத்து. விதானம் போதும், முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். வண்டியில் படுத்திருக்கும் குழந்தையின் முகம் வாகனங்களின் புகைக்குழாய் உயரத்தில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. நடைபாதையின் உட்புறமாகத் தள்ளிச் செல்வதே நல்லது.

ஒரு தாத்தா செய்த வண்டி

இந்த வண்டியின் பூர்வோத்தரத்தையும் விசாரித்தோம். 1733-இல் இங்கிலாந்தில் வில்லியம் கென்ட் என்பவர் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்காக வண்டி செய்து கொடுத்தாராம். அதை இழுத்தது ஆடோ மட்டக் குதிரையோ. பிறகு நூற்றாண்டுக் கணக்கில் அது கனமான சாமானாகவே இருந்தது. 1965-இல் ஓவன் மக்லாரன் என்ற விமானப் பொறியாளர், வண்டியைத் தூக்கிக்கொண்டு பயணம் செய்வது பெரும்பாடு என்று தம் மகள் குறைப்பட்டதைக் கேட்டு, குடை போல மடங்கும் அலுமினிய வண்டியைச் செய்தார். எடை 3 கிலோவுக்கும் குறைவு. போர்க் காலத்தில் ஸ்பிட்பயர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த அனுபவம் பேத்திக்குப் பயன்பட்டது. அந்தத் தாத்தா வண்டியின் கனத்தைக் குறைத்தார். நாங்கள் செய்த காரியம் வேறு விதமாக இருந்தது.

ஆயுத பூஜை அன்று

புது வண்டி வந்தபின் ஒருநாள் பாண்டி பஜாருக்குப் போனோம். 2019-இல் அகலப்படுத்திய அந்த நடைபாதையில் வண்டி தேர் போல ஓடியது. வண்டி விஷயம் இத்தோடு முடிந்தது என்று இருந்தோம்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. பேத்தி முதல்முறையாக மண்டிக்கு வருகிறாள். பொரி, கடலை, வெல்லம் என்று பண்டிகைச் சரக்கு வந்து குவிந்திருந்தது. உள்ளே இடம் போதாமல் நடைபாதையில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தோம். அன்று மட்டும் என்று சொன்னால் பொய். வருடம் முழுவதும் அங்கே பத்து மூட்டையாவது இருக்கும்.

தெருமுனையில் கூட்டம். ஆட்டோ உள்ளே வரவில்லை. மருமகள் இறங்கி, வண்டியை விரித்து, குழந்தையைக் கிடத்தித் தள்ளிக்கொண்டு வந்தாள். முதல் கடையில் எண்ணெய் டின், அடுத்த கடையில் பெயர்ப்பலகை, அதற்கடுத்து இரண்டு மோட்டார் சைக்கிள். எல்லாவற்றையும் சுற்றி வந்தவளுக்கு எங்கள் மண்டி வாசலில் சுவர் போல மூட்டை. வழியில்லாமல் ரோட்டில் இறங்கினாள். இறங்கும்போது முன்சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த சரக்கு வேன் போட்ட பிரேக் சத்தம் கல்லாவில் இருந்த எங்களுக்குக் கேட்டது. எழுந்து ஓடினோம். வேனுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. எங்கள் சுமைத் தொழிலாளி ஒருவர் அதற்குள் வண்டியை அப்படியே தூக்கி மேலே வைத்துவிட்டார். குழந்தை தூக்கம் கூடக் கலையவில்லை.

வேன் ஓட்டியவரைத் திட்ட வாயெடுத்தோம். மருமகள் தடுத்தாள். "அவர் மேல என்ன தப்பு மாமா? பிளாட்பாரத்துல நம்ம மூட்டை இருந்தா நான் எங்க போறது?" என்றாள். பூஜைக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னிலையில் எங்களிடம் பதில் இல்லை.

கணக்குப் பார்த்தோம்

பிளாட்பாரக் கடைகளால் நம் வியாபாரம் கெடுகிறது என்று சங்கக் கூட்டங்களில் நாமும் பேசியிருக்கிறோம். நம் மூட்டையும் பிளாட்பாரத்தில்தான் இருக்கிறது என்பதை யாரும் தீர்மானத்தில் எழுதவில்லை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி, தடையில்லாமல் நடக்க நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது சுமார் 6 அடி வேண்டும் என்கிறது. எங்கள் வாசலில் அன்று மீதி இருந்தது ஒன்றேகால் அடி. தடையற்ற நடைபாதை என்பது மக்களின் உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் சொல்லிவிட்டது.

நாங்கள் செய்தது இதுதான். வாசலுக்கு வெளியே மஞ்சள் கோடு போட்டோம். லாரியிலிருந்து இறங்கும் சரக்கு அரை மணி நேரத்துக்குள் கோட்டுக்கு உள்ளே போய்விட வேண்டும். இடம் போதாததால் பின்பக்கம் ஓர் அறை வாடகைக்கு எடுத்தோம். மாதச் செலவு கூடியது; அதை மறைக்கவில்லை.

அடுத்தது படி. எங்கள் வாசல் படி அரை அடி உயரம். சாய்தளம் போட ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. அரை அடிக்கு 6 அடி வேண்டும். அதை வெளியே போட்டால் அதுவும் ஆக்கிரமிப்புதான். ஆகவே படியை உடைத்து, சாய்தளத்தைக் கடைக்கு உள்பக்கம் கொண்டு போனோம். கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. அதில் குழந்தை வண்டி மட்டும் ஏறவில்லை. எங்கள் மூட்டை டிராலியும் ஏறுகிறது. முட்டி வலியுள்ள பெரியவர்களும் பிடித்து ஏற ஆள் தேடாமல் வருகிறார்கள். சின்னக் கடை வைத்திருப்பவருக்கு உள்ளே 6 அடி கிடைக்காது. அவர் படி இறங்கிப் போய்ச் சீட்டை வாங்கிச் சரக்கைக் கொடுக்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

சில்லறைக் கடை அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியோடு வரும் தாயிடம் சாமான் பையைக் கொடுக்கும்போது கைப்பிடியில் மாட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கியதும், சில சமயம் குழந்தை உள்ளே இருக்கும்போதே, வண்டி பின்பக்கம் குடை சாயும். கனம் குறைந்ததைக் கீழ்க் கூடையில் வையுங்கள். மற்றதைப் பையனிடம் வீட்டுக்கு அனுப்புங்கள்.

போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் சாமான் வீட்டுக்கு வருகிற காலம் இது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நம் கடையைத் தேடி வருகிற தாய் இன்னும் இருக்கிறாள். அவளை ரோட்டில் இறக்கிவிட்டு, வியாபாரம் குறைகிறது என்று நாம் அழக் கூடாது.

பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். வண்டி எங்கள் கணக்குப்பிள்ளையின் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறது. சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் மே 5 வணிகர் தினத்துக்குள் ஒவ்வொரு தெருவிலும் இரண்டு உறுப்பினர்கள் ஒரு குழந்தை வண்டியை இரவல் வாங்கி, அதில் 5 கிலோ பருப்புப் பையை வைத்து, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தள்ளிப் பாருங்கள். எத்தனை இடத்தில் ரோட்டில் இறங்கினீர்கள், யார் கடை வாசலில் இறங்கினீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எங்கள் தெருக் கணக்கை நாங்கள் கொண்டு வருகிறோம்.