நாற்பது நிமிடத் தாமதம்

குளத்தில் பழகிய கொல்கத்தாப் பெண் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க நீச்சல் மட்டும் போதவில்லை. பணம் வேண்டியிருந்தது, படகு வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்ற பிறகும் ஊர் திரும்பாத பிடிவாதம்.

1959 ஆகஸ்ட் 27, அதிகாலை ஒரு மணி. பிரான்ஸின் கடற்கரையில் 23 நாடுகளிலிருந்து வந்த 58 நீச்சல் வீரர்கள். ஐந்து பேர் பெண்கள். அவர்களில் ஒருவர் கல்கத்தாவின் ஆரத்தி சாகா, வயது 18. போட்டி தொடங்கும் நேரமாகியும், அவருக்கு வழிகாட்ட வேண்டிய படகு வந்து சேரவில்லை. படகு இல்லாமல் கடலில் இறங்க முடியாது. 40 நிமிடம் கழித்துத்தான் அவரால் நீந்தத் தொடங்க முடிந்தது.

நாற்பது நிமிடம்தானே என்று நினைக்கலாம். ஆனால் ஆங்கிலக் கால்வாயில் நீரோட்டம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். அந்தக் கணக்கு பிசகினால் கரை கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாது. ஆரத்திக்கு நேர்ந்தது அதுதான். இங்கிலாந்துக் கரைக்குச் சுமார் ஐந்து மைல் இருக்கும்போது எதிர் நீரோட்டம் பிடித்துக்கொண்டது. மணிக்கணக்கில் போராடியும் இரண்டு மைலுக்கு மேல் முன்னேற முடியவில்லை. மாலை நான்கு மணிக்கு முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று.

ஆரத்திக்கு நீச்சல் புதிதல்ல. சிறு வயதில் கங்கைக் கரையின் சம்பாதலா படித்துறையில் கற்றது. ஹட்கோலா நீச்சல் கழகத்தில் சேர்ந்து, 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நீந்தியபோது வயது 11. 1958இல் கிழக்கு பாகிஸ்தானின் பிரஜேன் தாஸும், இந்தியரான மிகிர் சென்னும் ஒருவர் பின் ஒருவராகக் கால்வாயைக் கடந்தபோது, அவருக்கும் ஆசை பிறந்தது. போட்டிக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்ததே மிகிர் சென்தான்.

ஆசை இருந்தது, பணம் இல்லை. அன்றைய நடுத்தரக் குடும்பத்துக்கு லண்டன் விமானக் கட்டணம் என்பதே கனவு. கழகத்தின் டாக்டர் அருண் குப்தா முன்னின்று ஆரத்தியின் நீச்சலையே காட்சியாக வைத்து நிதி திரட்டினார். முதல்வர் பி.சி. ராய் ரூ. 11,000 ஒதுக்கினார். பிரதமர் நேருவும் அக்கறை காட்டினார். இப்படிப் பலர் கை கொடுத்த பிறகே ஜூலை 24 அன்று விமானம் ஏற முடிந்தது.

பயிற்சிக்கோ கடல் கிடையாது. வடக்கு கல்கத்தாவின் தேசபந்து பூங்காக் குளம்தான் களம். 1959 ஏப்ரலில் அங்கே தொடர்ந்து எட்டு மணி நேரம் நீந்தினார். பிறகு 16 மணி நேரம். உடம்பு தாங்கும் என்று நிரூபித்தாயிற்று. ஆனால் வங்கத்துக் குளத்தின் வெதுவெதுப்பு வேறு, ஆகஸ்டிலும் 16, 17 டிகிரியைச் சுற்றியே நிற்கும் கால்வாயின் குளிர் வேறு. அந்தக் குளிருக்குப் பழக அவருக்குக் கிடைத்தது போட்டிக்கு முன்பிருந்த சில வாரங்களே. இன்று இந்த முயற்சிக்குப் பெயர் கொடுப்பவர்கள், 16 டிகிரிக்குக் குறைந்த நீரில் ஆறு மணி நேரம் நீந்தியதற்குச் சான்று காட்ட வேண்டும். படகுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே பதிவு செய்யவேண்டும். குளிர் தாங்கும் உடை கூடாது. படகிலிருந்து உணவு கொடுக்கலாம், ஆனால் நீந்துபவர் படகைத் தொட்டால் முயற்சி அத்துடன் முடிந்தது.

தோல்விக்குப் பிறகு ஆரத்தி ஊருக்கு மூட்டை கட்டவில்லை. மேலாளராக உடன் சென்ற அருண் குப்தா நோய்வாய்ப்பட்டார். ஆனாலும் பயிற்சி நிற்கவில்லை. ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 29 அன்று மீண்டும் பிரெஞ்சுக் கரையிலிருந்து இறங்கினார். நேர்க்கோட்டில் சுமார் 33 கி.மீ. தான். ஆனால் நீரோட்டம் நேர்க்கோட்டில் போக விடாது. 16 மணி 20 நிமிடம் கழித்து இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையில் ஏறி இந்தியக் கொடியை உயர்த்தினார். கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்! அப்போது அவருக்கு 19 வயது நிரம்பி ஐந்தே நாட்கள் ஆகியிருந்தன. 1960இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நிதி திரட்டிய டாக்டரே பின்னர் கணவரானார்.

இந்தக் கதைக்குத் தமிழகத்திலும் ஒரு தொடர்ச்சி உண்டு. ஆரத்தியைப் பரிந்துரைத்த மிகிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தி வந்தார். துணைக்கு இந்தியக் கடற்படை. அந்த ஆண்டு மட்டும் ஐந்து நீச்சல் சாதனைகள். 28 ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்கை ஆறாக்கியவர் தமிழகச் சிறுவன் குற்றாலீஸ்வரன். 1994 ஆகஸ்ட் 15 அன்று 12 வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதற்கு எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று கல்கத்தாவில் ஆரத்தி காலமானார், 53 வயதில்.

1999இல் அஞ்சல் துறை அவர் உருவத்துடன் தபால்தலை வெளியிட்டது. நல்ல மரியாதைதான். ஆனால் அடுத்த ஆரத்திக்கு வேண்டியது அதுவல்ல: விமானச் செலவுக்குப் பணம், பழகுவதற்குக் குளிர்ந்த கடல், நேரத்துக்கு வந்து சேரும் ஒரு படகு.