சாக்கில் வளரும் மணத்தக்காளி

கீரை போட இடமில்லையே என்கிறீர்களா? வெயில் படுகிற திண்ணை ஓரமே போதும், மணத்தக்காளி வளர்ப்போம்.

பழைய அரிசிச் சாக்கு, உடைந்த குடம் எதுவானாலும் சரி. பூச்சிமருந்து டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் விஷம் முழுசா போகாது. அடியில் 4, 5 ஓட்டை போட்டு, மண், மணல், மக்கிய சாணி எரு சம அளவு கலந்து நிரப்புங்க.

பழுத்த பழத்தைப் பிசைந்து கழுவி, விதையை நிழலில் உலர்த்தித் தூவுங்க. தினமும் தண்ணீர் தெளிக்கணும். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும். கீரை நிறைய கிடைக்கும்.

பச்சைக் காயைப் பிள்ளைகள் அப்படியே தின்னக் கூடாது, நச்சுத்தன்மை உண்டு. நன்கு பழுத்ததை மட்டும் கொடுங்க. சந்தையில் கீரைக்குக் கொடுக்கும் காசை இனி நம்ம சேமிப்பில் போடுவோம்!