இழந்த இரத்தம் முழுவதையும் ஏற்றத்தான் வேண்டுமா?

இடுப்பு மூட்டை மாற்றும் சத்திரசிகிச்சை முடிந்து கட்டிலிற் கிடத்தப்பட்ட மூதாட்டியின் முகம் வெளிறியிருக்கக் கண்ட பிள்ளைகள், "அம்மாவுக்கு ஏன் இன்னும் இரத்தம் ஏற்றவில்லை?" எனத் தாதியரைக் கேட்டு நிற்பது வைத்தியசாலைகளில் அடிக்கடி காணும் காட்சியாகும். அவ்வன்பு போற்றற்குரியதே. ஆயினும் வைத்தியர் தாமதிப்பதற்குத் தக்க காரணம் உண்டு.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் ஓடுகின்றது. இச்சிகிச்சையில் அதில் ஒரு லீற்றரோ, சிலவேளை அதற்கு மேலோ இழக்கப்படலாம். கண்ணுக்குத் தெரிவது ஒரு பங்கே. தொடைத் தசைகளிடையே கசிந்து தங்குவது மற்றொரு பங்கு. இதனாலேதான் சிகிச்சையன்று நன்றாயிருந்த ஈமோகுளோபின் இரண்டொரு நாள் கழித்துக் குறைந்து காணப்படுகின்றது.

முன்னர் இவ்வளவு 1 டெசிலீற்றருக்கு 10 கிராமிற் குறைந்தால் இரத்தம் ஏற்றுவதே பெருவழக்காயிருந்தது. இதனைச் சோதித்த பேராய்வொன்று 2011 இல் வெளிவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை பெற்ற 2,016 பேர் அதில் இடம்பெற்றனர். அனைவரும் இருதய நோயோ அதற்கு ஏதுவான குறைகளோ உடையவர்கள். ஒரு சாராருக்கு 10 கிராமிற் குறைந்ததும் இரத்தம் ஏற்றினர்; மற்றையோருக்கு 8 இற் குறைந்தால், அல்லது சோகையின் அறிகுறி தோன்றினால் மாத்திரமே ஏற்றினர். 60 நாட்களின் பின் நோக்கியபோது, இறந்தோர் தொகையிலும், பிறர் துணையின்றி அறையைக் கடந்து நடக்கமாட்டாதோர் தொகையிலும் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிறர் இரத்தம் உயிர்காக்கும் மருந்தே. எனினும் முதியோர்க்கு அது மிகுந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் உண்டாகலாம்.

இரத்தப்பெருக்கை முன்னரே குறைக்கும் மருந்தும் உண்டு. யப்பானிய வைத்தியப் பெண்மணியான உத்தாக்கோ ஒக்கமோட்டோவும் அவர்தம் கணவரும் கண்டறிந்து 1962 இல் வெளியிட்ட திரனெக்சாமிக் அமிலமே அது. உறைந்த இரத்தக்கட்டி கரைந்துபோகாமல் இது தடுக்கின்றது. குழந்தையை முதுகிற் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தவர் அப்பெண்மணி. பிள்ளைப்பேற்றின் பின் குருதிப்பெருக்கால் தாய்மார் இறப்பதைத் தடுப்பதே அவர் கருதியது. அதற்கும் இம்மருந்து பயன்படும் என நிறுவிய பேராய்வு 2017 இல் வெளியாகுமுன், 2016 இல் அவர் காலமானார். இன்று மூட்டுமாற்றுச் சத்திரசிகிச்சையிலும் அது பெருவழக்காயிற்று.

வீட்டார் செய்யவேண்டியது சத்திரசிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்னரே தொடங்குகின்றது. இரத்தத்தைச் சோதித்து, இரும்புச்சத்துக் குறைவு காணப்பட்டால் அதனை நிவிர்த்தி செய்துகொள்ளல் வேண்டும். குறைவு ஏன் வந்ததென்பதையும் வைத்தியர் ஆராய்வார். நோயாளி உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், அஸ்பிரின் உட்பட, அவரிடம் கூறுதல் வேண்டும். தாமாக எதனையும் நிறுத்துதல் கூடாது. சிகிச்சையின் பின் எழுந்து நிற்கையில் தலைசுற்றல், நெஞ்சுநோ, மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், மறுநாட் காலைவரை பொறுத்திராது தாதிக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.